கியர் போட்டால் 'டடக்': பழைய பைக் வைத்திருப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய பைக்கில் கியர் முரடாக விழுவது, சத்தம் போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என்னுடையது 2003 மாடல் ஸ்ப்ளெண்டர். காலையில் ஸ்டார்ட் செய்து முதல் கியர் போட்டால் 'டடக்' என்று சத்தம் வந்து, வண்டி ஒரு அடி முன்னால் குதிக்கிறது. சூடான பிறகும் சிக்னலில் நியூட்ரல் விழ மறுக்கிறது. எஞ்சினைப் பிரித்து கியர் செட் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
— வாசகர், விழுப்புரம்

அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுமே கியர் பாக்ஸைவிட கிளட்சைத்தான் காட்டுகின்றன. காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. சிக்னலில் நியூட்ரல் விழாமல் அடம்பிடிக்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியை லேசாக முன்னும் பின்னும் உருட்டியபடி லீவரைத் தொடுங்கள். உடனே நியூட்ரல் விழுந்தால் உங்கள் கியர்கள் நன்றாகவே இருக்கின்றன. கிளட்ச் முழுதாக விடவில்லை, அதாவது லீவரைப் பிடித்தாலும் எஞ்சினின் சுற்று கியருக்குப் போவது முழுதாக நிற்கவில்லை, அவ்வளவுதான்.

கியர் பாக்ஸுக்குள் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றுகின்றன. நாம் லீவரை அழுத்தும்போது நகர்வது சக்கரத்தின் பக்கவாட்டில் இருக்கும் 'டாக்' எனப்படும் தடித்த முட்டுகள். அவை பக்கத்துச் சக்கரத்தின் குழிக்குள் போய் உட்கார வேண்டும். நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது, எஞ்சினிலிருந்து சுற்றை வாங்கும் உள்ஷாஃப்ட் சுற்றுகிறது. சுற்றைப் பின்சக்கரத்துக்கு அனுப்பும் வெளிஷாஃப்ட், வண்டி நிற்பதால் அசையாமல் இருக்கிறது. கிளட்சைப் பிடித்ததும் உள்ஷாஃப்ட் நிற்க வேண்டும். நிற்காமல் இழுபட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தால், சுற்றும் டாக் நிற்கும் குழியில் போய் இடிக்கும். அதுதான் நீங்கள் கேட்கும் 'டடக்'. காலையில் முதல் கியருக்கு மட்டும் லேசாக ஒரு 'டக்' கேட்டால் அது இயல்பு. வண்டி குதிப்பது இயல்பில்லை.

முதலில் ஸ்லோ ஸ்பீடை, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தைப் பாருங்கள். இந்த எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 1,400 சுற்று, நூறு கூடக் குறைய இருக்கலாம். பழைய கார்புரேட்டரில் வண்டி அணைகிறது என்று ஸ்க்ரூவைத் திருகித் திருகி 2,000-க்குக் கொண்டுபோயிருப்பார்கள். அந்த வேகத்தில் எந்தக் கியரும் மெதுவாக விழாது.

அடுத்தது கேபிள். கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் எஞ்சின் பக்கம் இருக்கும் அட்ஜஸ்டரின் லாக் நட்டைத் தளர்த்தி இழுத்து வையுங்கள். ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிட்டால் கிளட்ச் வழுக்கிப் பிளேட் தேயும், ஜாக்கிரதை. பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: கைப்பிடியில் லீவர் மாட்டியிருக்கும் பிவட் போல்ட்டின் ஓட்டை. இருபது வருட வண்டியில் அது முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கும். லீவரை மேலும் கீழும் ஆட்டினால் கடகடவென்று ஆடும். உள்ளே கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் தூக்குவதே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். லீவர் ஓட்டையிலும், உள்கம்பி பிரிந்துபோன பழைய கேபிளிலும் அதில் பாதி காணாமல் போனால் கிளட்ச் எப்படி விடும்? புது லீவரும் புது கேபிளும் போட்டதும் சரியாகிப்போன 'கியர் பாக்ஸ் கோளாறுகள்' ஏராளம்.

இவ்வளவுக்குப் பிறகும் மாறவில்லை என்றால் டபுள் ஸ்டாண்டு போட்டு, எஞ்சின் சூடான பின் முதல் கியரில் கிளட்சைப் பிடித்து வையுங்கள். பின்சக்கரம் மெதுவாகச் சுற்றும். ஆயிலின் இழுப்பு அது, பயப்பட வேண்டாம். பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றுவிட வேண்டும். எஞ்சின் திணறும் அளவுக்கு எதிர்த்தால் வலப்பக்க கவரைத் திறக்க வேண்டியதுதான்.

ஆயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, கவரின் போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காகத் தளர்த்துங்கள். போல்ட்டுகள் நீளத்தில் வேறுபடும். ஓர் அட்டையில் கவரின் படம் வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது. பிளேட்டுகள் வந்த வரிசையிலேயே அடுக்கி வையுங்கள். ஸ்டீல் பிளேட்டைச் சமமான கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, அடியில் 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் அது வளைந்த பிளேட். நீலம் பூத்திருந்தால் சூட்டில் வெந்தது. இரண்டையும் திரும்பப் போடக் கூடாது.

பிறகு கிளட்ச் ஹவுசிங்கின் விரல்கள். பிளேட்டின் காதுகள் இடித்து இடித்து அங்கே பள்ளம் விழுந்திருக்கும். நகத்தை மேலிருந்து கீழாக இழுத்தால் படிக்கட்டில் இறங்குவது போலத் தட்டும். கிளட்சைப் பிடித்தாலும் பிளேட்டின் காது அந்தப் பள்ளத்திலேயே மாட்டிக்கொள்வதால் பிளேட்டுகள் பிரிவதில்லை. மேலோட்டமான தடமாக இருந்தால் மெல்லிய அரத்தால் எல்லா விரலையும் ஒரே அளவு சீவி, தூள் துளிகூட உள்ளே தங்காமல் கழுவலாம். நகம் ஆழமாக மாட்டுகிறது என்றால் ஹவுசிங்கை மாற்றுங்கள். புது பிளேட்டுகளை முந்தைய இரவே எஞ்சின் ஆயிலில் ஊறப் போடுங்கள். வறண்ட பிளேட்டைப் போட்டால் முதல் நாளே கருகும்.

கவரைத் திறந்த கையோடு, கிராங்க் முனையில் இருக்கும் சுழல் ஃபில்டரின் மூடியைக் கழற்றுங்கள். உள்சுவரில் களிம்பு போல அழுக்கு அப்பியிருக்கும், சுரண்டித் துடைக்க வேண்டும். கிளட்சுக்குப் பின்னால், கியர்களை நகர்த்தும் உருளையான கியர் டிரம்மின் நட்சத்திரத் தகடும், அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்டாப்பர் கையும், அதன் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. எஞ்சினைப் பிளக்காமலே எட்டக்கூடியவை இவை. ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ கையின் உருளை தேய்ந்திருந்தாலோ இப்போதே மாற்றிவிடுங்கள்.

காலை நேரத்துக்கு ஒரு பழக்கம்: எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் வண்டியைக் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்து இரண்டு அடி முன்னும் பின்னும் உருட்டுங்கள். இரவில் ஆயில் கெட்டித்து ஒட்டிக்கொண்ட பிளேட்டுகள் பிரிந்துவிடும். ஸ்டார்ட் செய்தபின் கிளட்சைப் பிடித்து இரண்டு மூன்று விநாடி கழித்துக் கியர் போடுங்கள்.

ஆயில் மாற்றியதும் கியர் வழுவழுவென்று விழுகிறது. 1,500 கி.மீ. தாண்டியதும் பழையபடி முரடாகிவிடுகிறது. காருக்கு வாங்கிய விலை கூடிய சிந்தெடிக் ஆயில் மீதி இருக்கிறது, அதை ஊற்றலாமா?
— வாசகர், நாகர்கோவில்

வேண்டவே வேண்டாம். கார் எஞ்சினில் கிளட்ச் ஆயிலில் ஊறுவதில்லை. கியர் பாக்ஸுக்கும் தனி ஆயில். உங்கள் பைக்கில் பிஸ்டன், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். இன்றைய கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். அது கிளட்ச் பிளேட்டில் ஏறினால் வழுக்கல் தொடங்கும். டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்ற ஜப்பானியத் தரக் குறியீடு (JASO MA, MA2) இருக்கிறதா பாருங்கள். 'எம்.பி.' என்று இருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கானது. கடைக்காரர் அவசரத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவது உண்டு.

1,500 கி.மீ.யில் முரடாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆயில் நீர்த்துப்போவதுதான். 20டபிள்யூ-40 (டப்பாவில் 20W-40 என்று போட்டிருக்கும் கெட்டித்தன்மைக் குறியீடு) போன்ற ஆயிலில் சூட்டிலும் கெட்டித்தன்மை குறையாமல் இருக்க நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளைக் கலப்பார்கள். கியர் பற்களுக்கு நடுவே அவை நசுங்கித் துண்டாகின்றன. ஆயில் நிறம் நன்றாக இருந்தாலும் கியர் காலில் கரகரப்பது அதனால்தான். பழைய வண்டிக்கு 2,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவது நல்ல கணக்கு.

அளவையும் பாருங்கள். வண்டியை டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மேலும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து டிப் ஸ்டிக்கை எடுங்கள். ஹோண்டா வகை எஞ்சின்களில் அதைத் துடைத்துவிட்டுத் திருகாமல் சும்மா வைத்து எடுத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் உள்ளதைவிட அதிகம் காட்டும். அப்படி ஏமாந்து குறைவான ஆயிலில் ஓட்டுபவர்கள் நிறையப் பேர். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு. அதிக ஆயிலில் கிளட்ச் இழுபடும்.

டிப் ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டரின் ஊசி வால்வு தேய்ந்து, இரவில் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்குகிறது. அப்படி இருக்கும்வரை எந்த ஆயில் ஊற்றினாலும் நாலு நாளில் தண்ணீர்தான். வால்வை மாற்றும்வரை வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பெட்ரோல் டேப்பை மூடுங்கள்.

யமஹா ஆர்.எக்ஸ்.100 வைத்திருக்கிறேன். கியர் பாக்ஸுக்கு 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றினால் சத்தம் குறையும் என்று ஊற்றினேன். இப்போது கியர் கல் மாதிரி இருக்கிறது.
— வாசகர், கும்பகோணம்

இன்றே வடித்துவிடுங்கள். டூ ஸ்ட்ரோக் என்பதால் இதில் கியர் பாக்ஸ் ஆயில் தனி, ஆனால் கிளட்சும் அதே ஆயிலில்தான் குளிக்கிறது. அந்தக் கெட்டி ஆயில் பிளேட்டுகளைப் பசை போட்டதுபோலப் பிடித்துவைக்கும். ஆயிலை மாற்றும்போது ஊற்ற வேண்டியது 650 மி.லி., 20டபிள்யூ-40. எஞ்சினைச் சூடாக்கி வடித்து, முதலில் மலிவான அதே வகை ஆயிலை ஊற்றிப் பத்து கி.மீ. ஓட்டி, அதையும் வடித்துவிட்டு நல்லதை ஊற்றினால் பிளேட்டுகளுக்கு நடுவே தங்கிய மிச்சமும் போய்விடும். பெட்ரோலோடு சேர்ந்து எரியும் டூ-டி (2T) ஆயிலை இதில் ஊற்றிவிடாதீர்கள். அதற்குத் தனி டேங்க்.

2006 மாடல் பல்சர் 150. இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரைத் திருகினால் 'கடார்' என்று நியூட்ரலுக்குத் தெறித்துவிடுகிறது. மற்ற கியர்களில் பிரச்சினை இல்லை.
— வாசகர், சேலம்

இது மட்டும் பெரும்பாலும் வெளிவேலையில் சரியாகாது. எஞ்சினைப் பிளக்க வேண்டிவரும். சுமை ஏறும்போது ஒரே ஒரு கியர் தெறிக்கிறது என்றால் அந்தக் கியரின் டாக் மழுங்கிவிட்டது. புதிய டாக்கின் விளிம்பு கூர்மையாக, கொஞ்சம் உள்வாங்கிய சரிவாக இருக்கும். சுமை ஏற ஏற இரண்டு சக்கரத்தையும் அந்தச் சரிவு ஒன்றை நோக்கி ஒன்றாக இழுக்கும். விளிம்பு உருண்டுபோனால் அதே சுமை இரண்டையும் தள்ளிவிடும். இரண்டாம் கியருக்கே இது வருவதற்குக் காரணம் உண்டு. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நடுவில் நியூட்ரலைத் தாண்ட வேண்டும். லீவரை அரைகுறையாகத் தூக்கினால் டாக் பாதி மட்டும் மாட்டி விளிம்பிலேயே இடிக்கும். வருடக்கணக்கில் இடித்தால் மழுங்காமல் என்ன செய்யும்?

பிளப்பதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். கியர் லீவர் முழுத்தூரம் போகிறதா? ஷூவோ, லீவர் வைத்த கோணமோ, கியர் ராடின் ஆடும் பந்து மூட்டோ தடுத்தால் கியர் முழுதாக விழாது, அதனாலும் தெறிக்கும். ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்தும் பாருங்கள். மினுமினுப்பான மாவு போன்ற தூள் பழைய எஞ்சினில் சகஜம். விரலில் குத்தும் முனையுள்ள துண்டுகள் வந்தால் பல் உடையத் தொடங்கிவிட்டது. வண்டியை ஓட்ட வேண்டாம், தள்ளிக்கொண்டு போங்கள்.

மெக்கானிக்கிடம் நீங்கள் சொல்ல வேண்டியவை: டாக் உள்ள சக்கரத்தையும் அது மாட்டும் ஜோடிச் சக்கரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் புதியதும் சீக்கிரம் மழுங்கும். லேத்தில் வெல்டிங் வைத்து டாக்கைச் சீவித் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். கியரின் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தப்பட்டது. வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய்விடும். அந்தக் கியரை நகர்த்தும் ஃபோர்க்கின் நுனியைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளத்துத் தேய்ந்தோ நீலமாகவோ இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். சக்கரங்கள் ஷாஃப்ட்டில் நகராமல் நிறுத்தும் வளையக் கிளிப்களான சர்க்கிளிப்களைக் கழற்றியபின் திரும்பப் போடக் கூடாது, எல்லாம் புதிது. வாஷர்களின் வரிசை மாறாமல் இருக்க ஷாஃப்ட்டிலிருந்து வர வர ஒரு கம்பியில் கோத்து வைக்கச் சொல்லுங்கள். திறந்தது திறந்தாயிற்று, கியர் ஷாஃப்ட் பேரிங்குகளும் ஆயில் சீல்களும் மாற்றிவிடுங்கள். அவற்றின் விலையைவிட மறுபடி பிளக்கும் கூலி அதிகம்.

புதிய உதிரி கிடைக்காமல் சென்னை புதுப்பேட்டை போன்ற இடத்தில் பழைய கியர் வாங்குவதாக இருந்தால், பற்களைவிட டாக்கின் மூலைகளைப் பாருங்கள். கட்டைவிரலால் தடவினால் விளிம்பு சுருக்கென்று பட வேண்டும். சோப்புக்கட்டி போல உருண்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கியர் லேசாகத்தான் விழுகிறது. ஆனால் கிளட்சை விடும்போதும், ஆக்சிலேட்டரை விட்டுத் திரும்பத் திருகும்போதும் பின்னால் 'டங்' என்று இடிக்கிறது. வண்டி ஸ்ப்ளெண்டர்.
— வாசகர், கோவில்பட்டி

எஞ்சினை விட்டுவிட்டுப் பின்சக்கரத்துக்கு வாருங்கள். செயின் கவரில் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்து, விரலால் செயினை மேலும் கீழும் அசைத்தால் 25 மி.மீ. அளவுக்கு ஆட வேண்டும். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கம், இன்னோரிடத்தில் தொளதொளப்பு என்றால் செயின் சமமில்லாமல் நீண்டிருக்கிறது. இரண்டு ஸ்பிராக்கெட்டும் (செயின் ஓடும் பல்சக்கரங்கள்) செயினும் சேர்த்து முழு கிட்டாக மாற்றுங்கள்.

செயின் சரியாக இருந்தால் குற்றவாளி கப்ளிங் ரப்பர். வீல் ஹப்புக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே அதிர்ச்சி வாங்குவதற்காக இருக்கும் ரப்பர் துண்டுகள் அவை. சக்கரத்தை ஒரு கையால் பிடித்து ஸ்பிராக்கெட்டை மறுகையால் முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள். தடையே இல்லாமல் 'லொடக்' என்று ஆடினால் ரப்பர் கல்லாகிச் சுருங்கிவிட்டது. விலை குறைந்த பொருள். பழைய சைக்கிள் டியூபை வெட்டி இடையில் திணிப்பது ஒரு வாரம்கூடத் தாங்காது, அந்த வேலை வேண்டாம்.

கியர் மாற்றியபின் லீவர் பழைய இடத்துக்குத் திரும்பாமல் தொங்குகிறது.
— வாசகர், வேலூர்

லீவரைக் கையால் ஆட்டுங்கள். ஷாஃப்ட் அசையாமல் லீவர் மட்டும் ஆடினால் உள்பற்கள் தேய்ந்துவிட்டன. லீவரை மாற்றி 10 நம்பர் ஸ்பேனரில் போல்ட்டை இறுக்குங்கள். இரண்டும் சேர்ந்து தொங்கினால் உள்ளே ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. ஸ்ப்ளெண்டர் போன்ற எஞ்சின்களில் கிளட்ச் கவரைத் திறந்தாலே அதை எட்டலாம். வண்டி எப்போதாவது இடப்பக்கம் விழுந்திருந்தால் ஷாஃப்ட் வளைந்து கவரில் உரசவும் வாய்ப்புண்டு. அப்படியானால் ஷாஃப்ட்டின் ஆயில் சீலும் கசியும்.

வலது கால் கியர் உள்ள பழைய புல்லட் 350. மேலே போகும் கியர்கள் சரியாக விழுகின்றன. இறக்கும்போது மட்டும் லீவர் வெறுமனே போய்வருகிறது. இரண்டு கியருக்கு நடுவே எதிலும் மாட்டாமல் நிற்கும் பொய் நியூட்ரலும் அடிக்கடி வருகிறது. என்ன ஆயில் ஊற்ற வேண்டும் என்பதிலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
— வாசகர், திருச்சி

உங்கள் வண்டியின் அமைப்பு ஜப்பானிய வகை பைக்குகளைப் போன்றதல்ல. ஆல்பியன் எனப்படும் நாலு கியர் பெட்டி எஞ்சினின் பின்னால் தனியாக போல்ட் செய்யப்பட்டது. ஆயில் மூன்று இடத்தில் தனித்தனி: எஞ்சின், இடப்பக்கம் கிளட்சும், எஞ்சினின் சுற்றை அதற்குக் கொண்டுவரும் பிரைமரி செயினும் உள்ள பெட்டி, கியர் பாக்ஸ். கியர் பாக்ஸில் கிளட்ச் கிடையாது என்பதால் இதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் சரி. லெவல் போல்ட்டைக் கழற்றி, வண்டியை நேராக நிறுத்தி, ஆயில் வழியத் தொடங்கும்வரை ஊற்றுங்கள். கிளட்ச் பெட்டியில் எஞ்சின் ஆயில்தான். இரண்டையும் மாற்றி ஊற்றினால் இரண்டு பக்கமும் கெடும். ஆளுக்கொன்று சொல்வது இந்தக் குழப்பத்தால்தான்.

ஒரு திசையில் மட்டும் கியர் விழாததற்குக் காரணம் பெரும்பாலும் தேய்மானம் இல்லை, அட்ஜஸ்ட்மென்ட். கியர் லீவர் இயக்கும் ராட்செட் (ஒரு மிதிக்கு ஒரு கியராக நகர்த்தும் பல் அமைப்பு) எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் தகடு ஒன்று வெளிப்பக்க மூடிக்குள் இருக்கிறது. அதன் ஓட்டைகள் நீளவாக்கில் இருக்கும், நட்டுகளைத் தளர்த்தினால் நகரும். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு தடவைக்கு அரை மி.மீ.க்கு மேல் போகாமல் நகர்த்தி இறுக்கி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள். ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் லீவர் ஒரே தூரம் போனால் அதுதான் சரியான இடம். பொய் நியூட்ரலும் பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

பிரைமரி செயினையும் மறக்காதீர்கள். கிளட்ச் பெட்டியின் இன்ஸ்பெக்‌ஷன் மூடி வழியாகப் பார்த்தால் 6 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். தொய்ந்த செயின் ஒவ்வொரு கியருக்கும் பெட்டிக்குள்ளேயே அடிக்கும். காலையில் கிளட்சைப் பிடித்து இரண்டு மூன்று தடவை கிக்கரை மிதித்தால் ஒட்டிய பிளேட்டுகள் பிரிந்துவிடும், இந்த எஞ்சினில் கிக் கிளட்ச் வழியாகத்தான் போகிறது. பக்கத்தில் இருக்கும் நியூட்ரல் ஃபைண்டர் லீவர் இரண்டு, மூன்று, நான்கு கியர்களிலிருந்து நேராக நியூட்ரலுக்குக் கொண்டுவரும். சிக்னலில் முதல் கியர் வரை இறங்கிவிட்டு அதை மிதித்துப் பயனில்லை. இரண்டில் இருக்கும்போதே மிதியுங்கள்.

ஓட்டும்போது காலைக் கியர் லீவர்மேலேயே வைத்திருக்கிறேன். அதனால் ஏதாவது கெடுமா?
— வாசகி, தஞ்சாவூர்

கெடும். உங்கள் காலின் பாரம் சிறிதளவு இருந்தாலும் உள்ளே ஃபோர்க்கின் நுனி, சுற்றிக்கொண்டிருக்கும் கியரின் பள்ளத்தில் ஒரு பக்கமாக அழுந்தி உரசிக்கொண்டே இருக்கும். ஆயில் படலம் அங்கே நிற்காது. ஃபோர்க் மெலிந்ததும் கியர் முழுதாக உட்காராது. சேலம் வாசகரின் இரண்டாம் கியர் போலவே உங்களுடையதும் தெறிக்கத் தொடங்கும். காலை ஃபுட்ரெஸ்ட்டில் வையுங்கள். அப்படி வைத்தால் லீவர் எட்டவில்லை என்றால் அதன் போல்ட்டை முழுதாக உருவி, லீவரை ஷாஃப்ட்டிலிருந்து வெளியே எடுத்து, ஒரு பல் தள்ளி மாட்டிப் பாருங்கள்.